கொரில்லாவுக்கு முன்னால் பத்து மீட்டர்: பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் நம்மவர்களைக் கொரில்லா பார்க்க அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கூடவே இன்னும் சில காரியங்களும் கேட்பேன். ஆனால் எல்லாம் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். புதருக்கு நடுவே ஒரு மலைக் கொரில்லா உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருக்கும். அதற்கு நாலடி முன்னால் ஒருவர் முழங்காலிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். முகத்தில் மாஸ்க் இருக்காது, இருந்தாலும் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கும். மேலே கொட்டை எழுத்தில் 'கொரில்லாவுடன் ஒரு மணி நேரம்'. நிறுவனத்தின் பெயர் மாறுகிறது, படம் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்றாவது எனக்கு வந்துவிடுகிறது.

அதைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர் அதே மாதிரி ஒரு படம் தனக்கும் கிடைக்கும் என்று நம்பித்தான் விமானம் ஏறுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் காட்டியதைத்தான் அவர் கேட்கிறார். ஆனால் உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் விதி பத்து மீட்டர். கொரோனாவுக்கு முன்பு ஏழு மீட்டராக இருந்ததை அதற்குப் பிறகு பத்தாக்கினார்கள், மாஸ்க்கையும் கட்டாயமாக்கினார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம், பதினைந்து வயது நிறைந்தவர்கள் மட்டும். உடம்பு சரியில்லாதவர் போகக் கூடாது. இவையெல்லாம் உங்கள் பயணத் திட்டத்திலும் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

நாலு பேர் விதியை மீறுவதைப் பெரிதாக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உகாண்டாவின் புவிண்டி காட்டில் ஏழு மீட்டர் விதி இருந்த காலத்தில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பயணிக்கும் கொரில்லாவுக்கும் இருந்த சராசரி இடைவெளி மூன்று மீட்டர்கூட இல்லை, 2.76 மீட்டர். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 முதல் 2019 வரை இன்ஸ்டாகிராமில் வந்த 858 கொரில்லாப் பயணப் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் நாலு மீட்டருக்குள் எடுத்தவை. 25 படங்களில் மனிதரும் கொரில்லாவும் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆக, விதி மீறப்படுவதுதான் அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. அந்த வழக்கத்தை ஒரு பயணியிடமிருந்து அடுத்த பயணிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தப் படங்கள்தான்.

சரி, நாலடி தூரத்தில் நின்றால் என்ன ஆகிவிடும்? கொரில்லா அடித்துவிடுமா என்றுதான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அடிக்காது. பயணிகளுக்குக் காட்டப்படும் ஒவ்வொரு குடும்பத்தையும் மனிதர்களுக்குப் பழக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வனக்காவலர்கள் தினமும் போய், தூரத்தில் உட்கார்ந்து, சும்மா இருந்துவிட்டுத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக அதன் பயத்தைப் போக்கியிருக்கிறார்கள். மனிதரைக் கண்டால் ஓட வேண்டும் என்ற இயல்பையே அது விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆபத்து வருவது நம் மூச்சிலிருந்து.

2009இல் ருவாண்டாவில் ஹிர்வா என்ற கொரில்லாக் குடும்பத்தில் இருமலும் சளியும் பரவின. பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்தில் பதினொன்றுக்கு நோய் வந்தது. ஒரு தாய்க் கொரில்லாவும் பிறந்து சில நாளே ஆன ஒரு குட்டியும் இறந்துபோயின. சோதித்துப் பார்த்ததில் கிடைத்தது ஹ்யூமன் மெட்டாநியூமோவைரஸ். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வரும் சாதாரணச் சளிக் கிருமிகளில் ஒன்று அது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து, மறந்துவிடுகிற நோய். நம் உடம்புக்கு அதோடு தலைமுறை தலைமுறையாகப் பழக்கம் உண்டு. மலைக்காட்டில் இருக்கும் கொரில்லா அதை முதல் முறையாகச் சந்திக்கிறது. நமக்கும் அதற்கும் மரபணுவில் இரண்டு சதவீத அளவுக்குத்தான் வேறுபாடு, அதனால் கிருமிக்கு இடம் மாறுவது சுலபம். எதிர்ப்புச் சக்தி மட்டும் கூடப் போவதில்லை.

இது முதல் முறையும் இல்லை. 1988இல் அதே ருவாண்டாவில் மூச்சு சம்பந்தப்பட்ட நோய் ஒன்று பரவி ஆறு கொரில்லாக்கள் இறந்தன. தட்டம்மையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட கொரில்லாக்களுக்குத் தடுப்பூசி ஏற்றினார்கள். காட்டு விலங்குக்கு, காட்டுக்குள்ளேயே போய், தூரத்திலிருந்து ஊசியை எய்து ஏற்ற வேண்டும். எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பு அது என்று யோசித்துப் பாருங்கள். 1996இல் புவிண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சிரங்கு வந்தது. முடி கொட்டி, தோல் வெடித்து, ஒரு குட்டி இறந்தது. மற்றவற்றை மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்தச் சிரங்கும் மனிதர்களிடமிருந்து போனதுதான்.

அப்போது வைத்தியம் பார்த்தவர் கிளாடிஸ் கலேமா சிகுசோகா, உகாண்டா வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவர். காட்டோர ஊர்களில் சோப்பும் மருந்தும் இல்லாதவரை கொரில்லாவுக்கு வைத்தியம் பார்த்து முடியாது என்று அவருக்குப் புரிந்தது. 2003இல் அவர் தொடங்கிய கன்சர்வேஷன் த்ரூ பப்ளிக் ஹெல்த் என்ற அமைப்பு, புவிண்டியைச் சுற்றியுள்ள ஊர் மக்களின் உடல்நலத்தையும் கொரில்லாக்களின் உடல்நலத்தையும் ஒரே வேலையாகப் பார்க்கிறது. ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் இருமலா, காய்ச்சலா என்று விசாரிக்கிறார்கள். ஏழை விவசாயிகள் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு, ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து வருகிற நாம் இருமலை மறைத்துக்கொண்டு போகலாமா?

மறைத்துக்கொண்டுதான் போகிறோம். நான் போன குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். யாரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும் நோக்கம் எனக்கில்லை.

துபாயில் விமானம் மாறி, உகாண்டாவின் என்டெபெ விமான நிலையத்தில் இறங்கி, ஒரு முழுப் பகல் வண்டியில் குலுங்கி, புவிண்டிக் காட்டோரம் இருக்கும் புஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியிலேயே குழுவில் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரவுச் சாப்பாட்டின்போது உடம்பு அனலாகக் கொதித்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். "நான் நாளைக்கு வரலாமா, வேண்டாமா?" என்று அவரே கேட்டார். எங்களை அழைத்துப் போயிருந்த ஏற்பாட்டாளர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், காலையில மாத்திரை போட்டுட்டு வந்துடுங்க, மாஸ்க்தான் இருக்கே" என்றார். விடிந்ததும் அவர் காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டார். எட்டு மணிக்கு வனத்துறை முகாமில் நெற்றிக்கு நேராக வெப்பமானியைக் காட்டியபோது காய்ச்சல் தெரியவில்லை. உள்ளே போய்விட்டோம்.

ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொரில்லாவைப் பார்க்க ஆணையம் தரும் அனுமதிச் சீட்டான பர்மிட்டின் விலை 800 டாலர், கிட்டத்தட்ட எழுபதாயிரம் ரூபாய். விமானம், தங்குமிடம், வண்டி எல்லாம் சேர்த்தால் அவருடைய பல வருடச் சேமிப்பு. போகாமல் இருந்தால் அந்தப் பணம் என்ன ஆகும் என்று யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இரவு பத்து மணிக்கு, காய்ச்சலோடு, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அவரையே முடிவெடுக்கச் சொன்னார்கள். அந்த நிலையில் நேர்மையாக இருப்பது யாருக்கும் கஷ்டம். ஆனால் ஏற்பாட்டாளருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவருக்கு விதி தெரியும், வருடத்துக்கு எத்தனையோ குழுக்களை அழைத்து வருகிறார். அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு.

ஆகவே நான் கேட்பது இது. முன்பதிவு செய்கிற அன்றே, நோய் வந்தால் காட்டுக்குள் போக முடியாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பணத்துக்கு என்ன வழி என்பதையும் எழுத்தில் கொடுங்கள். பர்மிட்டை வேறு நாளுக்கு மாற்றவோ ஒரு பகுதியைத் திரும்பப் பெறவோ ஆணையத்தின் விதி எந்த அளவுக்கு இடம் தருகிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் இது சேருமா என்று பாருங்கள். சேராது என்றால் குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு தொகையைக் கூடுதலாக வாங்கி, நோய்ப்பட்டவருக்கு ஈடு கொடுக்கும் பொதுப் பணமாக வைக்கலாம். யாருக்கும் தேவைப்படாவிட்டால் ஊர் திரும்பியதும் கொடுத்துவிடலாம். நம் ஊரில் சீட்டு நடத்தத் தெரியாதவர்கள் யார், இந்தக் கணக்கு உங்களுக்குப் பெரிதில்லை. அப்புறம், என்டெபெயில் இறங்கியதும் நேராகக் காட்டுக்கு ஓட்டாமல், கொரில்லா பார்க்கும் நாளைப் பயணத்தின் கடைசிப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். விமானத்தில் பிடித்த சளி வெளியே தெரியவாவது நேரம் கிடைக்கும்.

உகாண்டா போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறீர்கள், அது இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது என்பதால். ஃப்ளூ தடுப்பூசியையும் அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதை யாரும் கேட்டுச் சோதிப்பதில்லை. ஆனால் கொரில்லாவுக்கு முக்கியமானது அதுதான்.

இனி காட்டுக்குள் நடப்பதைப் பற்றி. இதையும் உங்கள் விளம்பரம் சொல்வதில்லை, சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

புவிண்டிக்கு ஊடுருவ முடியாத காடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெயருக்கு ஏற்ற காடு அது. 1,160 மீட்டரில் தொடங்கி 2,600 மீட்டர் வரை ஏறும் சரிவுகள். விடியற்காலையிலேயே தடம் பார்ப்பவர்கள் கிளம்பி, முந்தைய நாள் குடும்பத்தை விட்டுவந்த இடத்துக்குப் போகிறார்கள். கொரில்லாக்கள் இரவுக்கு இரவு புதுசாகப் படுக்கை கட்டும். கிளைகளை வளைத்து இலையைப் பரப்பிய அந்தப் படுக்கையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடத்தைப் பிடித்துப் போய், வயர்லெஸ்ஸில் நம் வழிகாட்டிக்கு இடம் சொல்கிறார்கள். சில நாள் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சில நாள் மதியம் தாண்டியும் நடக்க வேண்டும். முதலில் பாதை இருக்கும், பிறகு அது முடிந்துவிடும். முன்னால் போகிறவர் அரிவாளால் கொடியை வெட்டி வழி செய்வார். பல இடங்களில் கால் மண்ணிலேயே படாது, பின்னிக் கிடக்கும் கொடிகளின் மேல்தான் நடப்போம், திடீரென்று முழங்கால் வரை உள்ளே போகும். பிடிக்கக் கை நீட்டினால் காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடிகள். எறும்புச் சாரி குறுக்கே போனால் வழிகாட்டி ஓடச் சொல்வார், நின்றால் காற்சட்டைக்குள் ஏறிவிடும். மழை எந்த மாதத்திலும் வரும்.

இவ்வளவு பட்டு, மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் சேறாகப் போய் நிற்கும்போதுதான் கொரில்லா தெரிகிறது. பட்ட பாட்டுக்குப் பலன் இப்போது முழுசாகக் கிடைத்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கும். இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று கால் தானாகப் போகும். வியர்வையில் நனைந்த மாஸ்க் மூச்சை அடைக்கும், கை அதை இறக்கும். விதி மீறப்படுவது பெரும்பாலும் இப்படித்தான், கெட்ட எண்ணத்தால் இல்லை. அதனால் ஆளுக்கு மூன்று மாஸ்க்காவது எடுத்து வரச் சொல்லுங்கள், கொரில்லாவை நெருங்கும் இடத்தில் காய்ந்த ஒன்றை மாற்றிக்கொள்ளட்டும். நடைப்பயிற்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். மூச்சு இரைக்காதவருக்கு மாஸ்க் பாரமாகத் தெரியாது. அங்கே எச்சில் துப்பக் கூடாது, கொரில்லாவுக்கு அருகில் எதையும் தின்னக் கூடாது, இருமல் வந்தால் முகத்தைத் திருப்பி முழங்கை மடிப்பில் இரும வேண்டும், ஒதுங்க நேர்ந்தால் வழிகாட்டியிடம் சொல்லிக் குழி வெட்டி மூட வேண்டும். இதையெல்லாம் கிளம்புவதற்கு முன் நம் மொழியில் சொல்லிக் கொடுங்கள். முகாமில் ஆங்கிலத்தில் கால் மணி நேரம் சொல்வது, பரபரப்பில் நிற்கும் நம் பெரியவர்கள் பலருக்குக் காதில் விழுவதில்லை.

பத்து மீட்டர் என்றதும் முகம் சுருங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் டவுன் பஸ்ஸின் பின்பக்கத்தில் நின்று ஓட்டுநரைப் பார்க்கும் தூரம்தான் அது. அந்தத் தூரத்தில், முதுகு நரைத்த ஆண் கொரில்லா ஒன்று, 160 கிலோவுக்கு மேல் எடை, உட்கார்ந்து காட்டு செலரித் தண்டின் பட்டையை உரிக்கிறது. உரிக்கும் சத்தம் கேட்கும். மூக்கின் மேல் இருக்கும் மடிப்புகள் தெரியும், அந்த மடிப்புகளை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துப் பெயர் சொல்கிறார்கள். குட்டி அதன் முதுகில் ஏறிச் சறுக்குவதும், அது ஒரு கையால் குட்டியை ஓரமாக எடுத்து வைப்பதும் தெரியும். வழிகாட்டி தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுப்பார், கொரில்லா அதே சத்தத்தில் பதில் கொடுக்கும். நான் அங்கே நின்றபோது குறை என்று எதுவும் தோன்றவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கேமராவை உள்ளே வைத்துவிட்டுப் பார்த்த சில நிமிடங்கள்தான் இன்றைக்கும் நினைவில் தெளிவாக இருக்கின்றன.

குட்டிகள் தாமாகவே நம்மிடம் வருமே என்று நீங்கள் கேட்கலாம். வரும். அதற்காகத்தான் பத்து மீட்டரில் நிற்க வேண்டும். அது இரண்டு மீட்டர் வந்தால் நாம் இரண்டு மீட்டர் பின்னால் போக இடம் இருக்கும். மூன்று மீட்டரில் நின்றுகொண்டு, பின்னால் புதரும் சரிவுமாக இருந்தால் எங்கே போவது?

வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 'அவர்களே கூப்பிட்டு அருகில் நிற்க வைக்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய' என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மைதான், சில இடங்களில் அப்படி நடக்கிறது. ஏன் நடக்கிறது? நல்ல படம் கிடைத்த பயணி கை நிறையக் கொடுப்பார், தள்ளி நிற்கச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். எங்கள் குழுவிலேயே ஒருவர் வழிகாட்டியின் தோளில் கைபோட்டு, சுருட்டிய டாலர் நோட்டை உள்ளங்கையில் வைத்து, "கொஞ்சம் கிட்டப் போகலாமா?" என்று கேட்டதைப் பார்த்தேன். வழிகாட்டி ஒரு நிமிடம் எங்களையும் பார்த்தார், கொரில்லாவையும் பார்த்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டார். வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கும் உங்கள் கையில் ஒரு வழி இருக்கிறது. டிப்ஸ் தொகையைப் பயணத்துக்கு முன்பே குழு முழுவதிடமும் வாங்கிவிடுங்கள். முகாமில், கிளம்பும்போதே, எல்லோர் முன்னாலும் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்: இவ்வளவு தருகிறோம், படம் எப்படி வந்தாலும் இதுதான், எங்களைப் பத்து மீட்டரில் நிறுத்துங்கள். தனியாக யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்பதைக் குழுவின் விதியாக வையுங்கள். அவர் விதிப்படி நடந்துகொள்வதால் அவருக்கு நஷ்டம் வராது என்று தெரிந்துவிட்டால், அவரே உறுதியாக நிற்பார். இந்தக் காட்டை நம்மைவிட அதிகமாக நேசிப்பவர்கள் அவர்கள். 1999இல் புஹோமா முகாமுக்குள் எல்லை தாண்டி வந்த ஆயுதக் குழு எட்டு வெளிநாட்டுப் பயணிகளையும் அவர்களோடு ஒரு பூங்கா அதிகாரியையும் கொன்றது. அதற்குப் பிறகும் அதே ஊர்க்காரர்கள் வேலையை விடாமல் அந்த இடத்தைத் திரும்ப எழுப்பினார்கள்.

போர்ட்டர் வைத்துக்கொள்வதையும் விருப்பமாக விடாமல் எல்லோருக்கும் சேர்த்துவிடுங்கள். பையைத் தூக்குவதைவிட, சரிவில் கை கொடுத்து ஏற்றிவிடுவதுதான் அவர்கள் செய்யும் பெரிய உதவி. அந்தக் கூலி நேராக ஊருக்குள் போகிறது. பர்மிட் பணத்தில் ஊர்மக்களுக்கு என்று ஒதுக்கப்படுவது ஒரு பர்மிட்டுக்குப் பத்து டாலர். அதற்கு மேல் வேண்டியதை அவர்கள் இப்படி வேலை செய்துதான் பெற வேண்டும். இன்னொரு விஷயமும் உங்கள் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் காட்டில் பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள் பாட்வா மக்கள். 1991இல் புவிண்டியைத் தேசியப் பூங்காவாக்கியபோது அவர்களை வெளியே அனுப்பினார்கள், நிலமும் கொடுக்கவில்லை. 2021இல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு அநியாயம் நடந்தது என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் திட்டத்தில் 'பாட்வா நடனம்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும்.

நான் கொரில்லாப் பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை விரும்பி எழுதுகிறேன். 1970களின் கடைசியில் ருவாண்டாவில் கொரில்லாப் பூங்காவின் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணைக்குக் கொடுக்கத் திட்டம் இருந்தது. கொரில்லாவைப் பார்க்க வருகிறவர்களின் பணம் அதைவிட அதிகம் தரும் என்று காட்டித்தான் காட்டைக் காப்பாற்றினார்கள். 1980களின் தொடக்கத்தில், ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சேரும் எல்லையில் இருக்கும் விருங்கா மலைகளில் சுமார் 250 கொரில்லாக்கள்தான் இருந்தன. 2018, 2019இல் வெளியான கணக்கெடுப்புகளில் விருங்காவில் 604, புவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோப் பகுதியிலும் 459. மொத்தம் 1,063. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை மிக அதிக ஆபத்தில் இருக்கும் இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கியது. கொரோனாவில் பயணம் நின்று வருமானம் அற்றுப்போன 2020 ஜூன் மாதத்தில்தான், புவிண்டியில் நுகுரிங்கோ என்ற கொரில்லாக் குடும்பத்தின் தலைவனான ரஃபிகியை வேட்டைக்காரர் ஒருவர் கொன்றார். பயணிகள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மாதங்கள் காட்டிவிட்டன. வர வேண்டும், நோயைக் கொண்டுவரக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க முடியும்.

1,063 என்பது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகள் எண்ணிக்கை அளவுதான். உலகத்தில் எந்த மிருகக்காட்சிசாலையிலும் மலைக் கொரில்லா கிடையாது, அங்கே நாம் பார்ப்பவை சமவெளிக் கொரில்லாக்கள். கையிருப்பு என்று வேறெங்கும் இல்லை. ஒரு தாய் நாலு வருடத்துக்கு ஒரு முறை ஒரு குட்டி ஈனுகிறது. ஹிர்வா குடும்பத்தில் ஒரு தாய் போனபோது, அவள் இனி ஈனக்கூடிய அத்தனை குட்டிகளும் போயின.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மழை குறைந்த பருவத்துக்கு நீங்கள் பல மாதங்கள் முன்பே பர்மிட் வாங்கிவிடுவீர்கள் என்று தெரியும். அதற்கான விளம்பரம் வெளியே போவதற்கு முன், படத்தை மாற்றுங்கள். நல்ல லென்ஸில் தள்ளி நின்று எடுத்த படங்கள் உங்கள் பழைய பயணிகளிடம் நிச்சயம் இருக்கும், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். என்னிடம் இருப்பவற்றையும் தருகிறேன், பணமோ பெயரோ வேண்டாம். பத்து மீட்டர், மாஸ்க், நோய் இருந்தால் போக முடியாது, அந்தப் பணத்துக்கு இன்ன ஏற்பாடு: இந்த நாலையும் முதல் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். இதைப் படித்துவிட்டு ஒருவர் பின்வாங்கினால் அந்த இருக்கைக்கு வேறொருவர் வருவார், பர்மிட்டுக்குக் காத்திருப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். உங்களில் யாராவது இப்போதே இப்படிச் செய்துகொண்டிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். கொரில்லா பார்க்க யாரோடு போகலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு உங்கள் பெயரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
புவிண்டிக்குப் போய்வந்த ஒரு பயணி